நன்றி சொன்ன கையால் ஊற்றிய எண்ணெய்

அன்புள்ள மகனுக்கு,

உன் புதுவீட்டுக் குடிபூரலின் நடுவே நான் எழுந்து போனதற்கு, பிற சமயத்தாரின் பிரார்த்தனை எனக்கு ஒத்துவராததுதான் காரணம் என்று ரொறொன்ரோவில் பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கொன்வென்ற்றில் படித்த சைவப்பிள்ளை நான். காலையில் சிஸ்டர்மாரோடு ஒரு செபமும் மாலையில் வீட்டுச் சாமியறையில் ஒரு தேவாரமும் சொல்லி வளர்ந்தவளுக்கு, மூன்றாவதாக ஒரு பிரார்த்தனையைக் கேட்டு உடம்பு கூசாது. போன கிழமை தமிழ்க்கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது, முகம் மட்டும் தெரிந்த ஒரு பெண் வந்து, "அன்ரி, உங்களுக்கு அந்தப் பிரார்த்தனைப் புகை ஒத்துவரேல்லையாம், தலை சுத்தினதாம். உண்மையே?" என்று கேட்டாள். என் தலை சுற்றவில்லை. எனக்கு வந்தது அருவருப்பு. அது எதைப் பார்த்து வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். விழாவின் வீடியோவை நீ ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாய். அதனால் என் பதிலையும் ஊர் படிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தைப்பொங்கலோட அம்மா எங்களோட வந்திடுவா" என்று நீ அறிவித்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். டோர்செட் பார்க்கில் நானும் உன் அப்பாவும் வாழ்ந்து, அவர் போன பிறகு நான் தனியே இருக்கிற இந்த அப்பார்ட்மென்ற்றை விட்டுவிட்டு உன் றிச்மண்ட் ஹில் வீட்டின் கீழறைக்கு வருவதற்கு நான் சம்மதித்திருந்தேன். குளியலறையில் எனக்கென்று கைபிடிக் கம்பி பூட்டியிருந்தாய். அதைப் பார்த்து மனம் நிறைந்தது உண்மை. பெரிய சட்டி பானைகளைக் கொடுத்துவிடவும் தொடங்கியிருந்தேன். இப்போது அந்த அறைக்கு நான் வருவேனா என்பதுதான் நம் இருவருக்கும் இடையில் உள்ள கேள்வி. உன் வேலை, வீடுகளை வாங்கி விற்கிறவர்களுக்கு நடுவில் நிற்பது. எதையும் இனிக்க இனிக்கச் சொல்லிப் பழகிவிட்டாய். எனக்கு அது வராது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மார்லினிலிருந்து தொடங்க வேண்டும். என் எதிர்க்கதவுக்காரியை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அவள் லகோட்டா என்கிற வட அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவள். சஸ்கச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில், அமெரிக்க எல்லையோரத்தில் பிறந்து, இந்த நகரத்தில் உயர்தர வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் அறிமுகமே சண்டையில்தான் ஆரம்பமானது. நான் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, "உள்ளே யாராவது இறந்து கிடக்கிறார்களா?" என்று கேட்டாள். "மீன்தான். அது இறந்து பல மாதம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கட்டடக் கண்காணிப்பாளரிடம் முறைப்பாடு வைத்தாள். அதற்கு மறுகிழமை நான் ஒரு துண்டு கருவாட்டைச் சோற்றோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கவும் இல்லை, கருவாட்டை மீதம் வைக்கவும் இல்லை. அப்படிப்பட்ட ஆள் எனக்குப் பிடிக்கும்.

அவளுடைய பல்கனியில் ஒரு சாடியில் சேஜ் செடி வளர்க்கிறாள், நம் துளசிபோல மணமுள்ள இலை. ஒருநாள் அவள் அதில் இலை பறிக்கப் போனபோது, முதலில் ஒரு சிறு பையிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலையை எடுத்துச் செடியின் அடியில் வைத்தாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். பிறகுதான் பறித்தாள், அதுவும் இரண்டு மூன்று இலைகள். நான் யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரரின் மகள். எனக்குத் தெரியாத புகையிலையா? "பூச்சிக்கு அப்படிக் காய்ந்த தூளைப் போட்டால் போதாது. அவித்து, அந்தத் தண்ணீரை ஆறவைத்துத் தெளிக்க வேண்டும்" என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பூச்சிக்கு அல்லவாம். அந்தச் செடியிடம் எதையாவது எடுப்பதற்கு முன் கொடுக்கிறாளாம். எங்கள் வீட்டில் புகையிலை விற்கிற பொருள். அது அவளுக்குக் கொடுக்கிற பொருள். ஒரே இலையை வைத்துக்கொண்டு இரண்டு சனம் எவ்வளவு தூரத்தில் வாழ்ந்திருக்கிறோம் என்று அன்று இரவு சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் நோயில் விழுந்து எழும்பிய பிறகு, கீழே இருக்கிற மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தாளே, நீயும் வந்தாய். சுகப்பட்டவளைப் பார்க்கப் போவது என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் மாடித் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் பழக்கூடையும் பரிசுப்பொதியுமாக வந்து வரிசையில் நின்றார்கள். ஆனால் கொடுக்கத் தொடங்கியவள் மார்லின். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் போர்வை, துவாய், அவள் தைத்த பை, தேயிலை. வாங்கிய பெண்கள் தங்கள் பொதியை எப்போது நீட்டுவது என்று தெரியாமல் முழித்தார்கள். "இதென்ன, ரீச்சர் வீட்டைக் காலி பண்ணுறாவோ?" என்று ஒருத்தி என் காதில் கேட்டாள். அதை அவர்கள் 'வோபிலா' என்று சொல்வார்களாம். நன்றி யாருக்கு உண்டோ, அவர்தான் கொடுக்க வேண்டும். உயிர் திரும்பக் கிடைத்தது, ஆகவே கையில் இருப்பதைக் கொடுக்கிறேன் என்று அவள் சொன்னாள். சாப்பாடு தொடங்குவதற்கு முன் எல்லாவற்றிலும் சிறிது எடுத்து ஒரு தட்டில் வைத்து, வெளியே ஒரு மரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். அப்போது நீ அவளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாய். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

குடிபூரலுக்கு ஒரு மாதம் இருக்க, நீ இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, "அம்மா, எல்லாரும் செய்யிற மாதிரி ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சிறதோட விட்டால் ஒருத்தருக்கும் நினைவிருக்காது. ஏதும் வித்தியாசமாச் செய்யவேணும்" என்றாய். பிறகு எழும்பிப் போய் எதிர்க்கதவைத் தட்டினாய். நானும் பின்னால் வந்தேன். இயற்கைக்கு நன்றி சொல்லும் ஒரு நிகழ்ச்சியை நடத்தித் தரும்படி அவளிடம் கேட்டாய். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் கணக்கு ஆசிரியை. நீ என்னைப் பூசை செய்யக் கேட்கிறாய்" என்றாள். நீ விடவில்லை. "தவிர, நான் இங்கே விருந்தாளி. இந்த நிலத்துக்கு அதன் சொந்தச் சனம் இருக்கிறது, அவர்களுக்கு வேறு மொழி, வேறு முறை. நான் மேற்குச் சமவெளிக்காரி" என்றாள். எல்லாம் ஒன்றுதானே என்றாய் நீ. அப்போது எனக்கு முகம் சுருங்கியது. யாழ்ப்பாணத்தவரைப் பார்த்து யாராவது குஜராத்தியில் வணக்கம் சொல்லிவிட்டு, எல்லாம் ஒன்றுதானே என்றால் நீ என்ன நினைப்பாய்? கடைசியில் அவள், "சாப்பிட வருகிறேன். வேறு எதற்கும் வரமாட்டேன்" என்று கதவைச் சாத்தினாள்.

நீயே செய்தாய். வாசலில் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம். அதற்குக் கீழே பெரிய பதாகையில் 'மிடாகுயே ஓயாசின்' என்று மார்லினின் மொழிச் சொல் ஆங்கில எழுத்தில், கீழே 'எல்லாரும் என் உறவினர்' என்று தமிழில். வந்தவர்கள் கைகோத்து வட்டமாக நின்றார்கள். கடையில் வாங்கிய சேஜ் கட்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, பட்டு வேட்டியோடு நடுவில் நின்று, தண்ணீருக்கு நன்றி, மண்ணுக்கு நன்றி, சிறகுள்ளவற்றுக்கு நன்றி, நான்கு காலில் நடப்பவற்றுக்கு நன்றி என்றாய்; முடிவில் பதாகையில் இருந்த அந்தச் சொல்லையும் உரக்கச் சொன்னாய். உனக்கு நல்ல குரல். உன் அப்பாவின் குரல். சொந்த மகன் இவ்வளவு பேர் நடுவில் தண்ணீரைப் பற்றி அப்படிப் பேசியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் மார்லின் கைகோக்காமல், மடியில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். "எப்படி?" என்று கேட்டேன். "உச்சரிப்பு மோசமில்லை" என்றாள்.

வீட்டுக்குள் மணம் வரக்கூடாது என்று நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல, சமையல்காரர் கராஜில் காஸ் அடுப்பை வைத்துப் பொரித்துக்கொண்டிருந்தார். வடை, றோல்ஸ், பிறகு கோழி. சாப்பாடு முடிந்து, நான் கை கழுவ அந்தப் பக்கம் வந்தேன். மார்லினும் கூட வந்தாள். சமையல்காரர் பெரிய தாச்சியைக் காட்டி, "அண்ணை, உந்த எண்ணெயை என்ன செய்யிறது? ஆறியிட்டுது. வான் வண்டியிலை கொண்டுபோனால் ஊத்துண்டிடும்" என்று கேட்டார். தெருவோரத்தில் இரும்புச் சல்லடை போட்ட மழைநீர்க் கானை நீ கையால் காட்டினாய். அவர் ஒருகணம் யோசித்தார். "கானுக்கையோ அண்ணை?" என்றார். "ஓம், ஓம். பிடியும்" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, தாச்சியின் ஒரு காதை நீயே பிடித்தாய். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்ச் சரித்தீர்கள். கறுத்த எண்ணெய், அடியில் கிடந்த கோழித்தோலும் மாவுக்கட்டியும் சேர்ந்து, கொழகொழவென்று இறங்கியது. பிறகு இரண்டாவது தாச்சி. பிறகு தோட்டத்துக் குழாயைப் பிடித்து அடித்துக் கழுவினாய். சாப்பாட்டுக்குச் சற்று முன் தண்ணீருக்கு நன்றி சொன்ன அதே கை.

நான் கிட்ட வந்து, "தம்பி, உது குளத்துக்குப் போற கான்" என்றேன்.

"அம்மா, ஆக்கள் நிக்கினம். பேசாமல் உள்ளுக்குப் போங்கோ."

"தண்ணிக்கு நன்றி எண்டு இப்பத்தானே சொன்னனீ?"

"ஐயோ அம்மா, அது நிகழ்ச்சி. இது துப்பரவாக்கிற வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ. எல்லாரும் உப்பிடித்தான் ஊத்துறவை."

இதை நீ கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, என் தோளில் தட்டிச் சொன்னாய். அங்கேதான் எனக்கு அந்த அருவருப்பு வந்தது. எண்ணெயைப் பார்த்துக்கூட அப்படி வரவில்லை. மார்லினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் கானையும் பதாகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லோரும் உறவினர் என்று எழுதியிருக்கிறதே. இப்போது ஊற்றியது எந்த உறவினர் தலையில்?" என்று ஆங்கிலத்தில் உன்னிடமே கேட்டாள். நீ கேட்காததுபோல் குழாயைச் சுருட்டினாய். நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

இதுவரை உனக்குத் தெரியும். மீதி தெரியாது. நாங்கள் நேராக பஸ்ஸுக்குப் போகவில்லை. உன் தெருவின் முடிவில், வீடுகளுக்குப் பின்னால், மழைநீர் வந்து சேர்கிற குளத்துக்கு இறங்கினோம். நடைபாதை இல்லாத இடம். நான் காஞ்சிபுரச் சேலையோடு, அவள் ஊன்றுகோலோடு. ஒரு கொங்கிறீற் குழாய் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஓர் எண்ணெய்ப் படலம் விரிந்துகொண்டு போனது. நாணல் தண்டுகளில் மாவுத் துகள் ஒட்டியிருந்தது. அந்தக் குளத்தில் றோல்ஸ் மணம் வந்தது, மகனே. என் பேரப்பிள்ளைகள் விரும்பித் தின்கிற பண்டத்தின் மணம் சேற்றுத் தண்ணீரிலிருந்து எழும்பி வந்தது. ஒரு வாத்து அதற்குள்ளேயே நீந்தி வந்து, கரையேறி, நெஞ்சுச் சிறகை அலகால் கோதிக்கொண்டே இருந்தது. கோதக் கோத அது பிசுபிசுத்து ஒட்டியது. கொன்வென்ற்றில் எங்கள் சாப்பாட்டு மேசை ஒழுங்குப் பாடத்தில், அருவருப்பை முகத்தில் காட்டக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். அன்று நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மார்லின் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு மெல்லக் குனிந்தாள். புகையிலைப் பையை எடுத்து, ஒரு சிட்டிகையைக் கரையில் வைத்தாள். நீண்ட நேரம் தன் மொழியில் பேசினாள். இதற்குமா நன்றி சொல்கிறாய் என்று கேட்டேன். "மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். என் மகனுக்காக நீ கேட்க வேண்டியதில்லை என்று சொன்னேன். "உன் மகனுக்காக இல்லை. அந்த எண்ணெயில் பொரித்த வடையில் நாலு நான் தின்றேன்" என்றாள். பிறகு இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். நான் தின்றது எத்தனை என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமைதான் ஊர்க்கதை என் காதில் விழுந்தது. கிழவிக்கு லகோட்டாப் பிரார்த்தனை பிடிக்கவில்லை, கொன்வென்ற் வளர்ப்பு, புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டா என்று. யாரோ வேலையற்றவர்களின் பேச்சு என்று நினைத்தேன். உன் மனைவி வதனியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மாமி, அவர்தான் வந்த ஆக்களுக்கு அப்பிடிச் சொன்னவர். எண்ணெய்க் கதையைச் சொல்ல ஏலுமே?" என்றாள். அவளை நீ ஏசாதே. கேட்டது நான்.

ஆக, எண்ணெயை மறைக்க என்னை ஊற்றினாய். என் சினேகிதியின் சனம் இருந்த தேசத்தை இழந்து, பேசிய மொழிக்காகப் பள்ளிக்கூடங்களில் அடி வாங்கி, அப்படியும் கைவிடாமல் வைத்திருந்த ஒரு சொல்லை எடுத்து உன் வாசலில் கட்டினாய். பிறகு அதே சொல்லைக் கண்டு உன் தாய் அருவருத்தாள் என்று கதை கட்டினாய். மார்லின் இதைக் கேள்விப்பட்டு, "என் பிரார்த்தனைக்கு ஓடினாயாமே, உன் கருவாட்டுக்கு நான் ஓடவில்லையே" என்று கேலி செய்தாள். அவள் கேலி செய்ததால் அது சிறிய விஷயம் ஆகிவிடாது.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது, இலையுதிர் காலத்தில் அப்பா உன்னை மோர்னிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஓடையில் சாமன் மீன்கள் மேல்நோக்கி ஏறுவதைக் காட்ட. வயிறு கிழிந்த மீன்கள் கல்லில் அடிபட்டு அடிபட்டு ஏறுவதைப் பார்த்து நீ அழுதாய். "அப்பா, உதுகளுக்குக் களைக்காதே?" என்று கேட்டாய். கட்டிக்கொண்டு போன இடியப்பத்தில் பாதியை ஓடைக்குள் போட்டுவிட்டாய். மீன் அதைத் தின்னாது என்று அவர் சொல்லியும் நீ கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பிள்ளைக்கு லகோட்டாச் சொல் ஒன்றும் தெரியாது. தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுக்க மட்டும் தெரிந்திருந்தது. அவனுக்கு இடையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. வீடு வாங்க வேண்டும், பிள்ளைகளை வளர்க்க வேண்டும், ஓய்வில்லாமல் ஓடினாய். எனக்குத் தெரியும்.

ஆனால் உறவு என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதே. உறவினர் என்றால் இனிப்பான உணர்ச்சியா? ஒரு செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டதற்கு வருடக் கணக்காகப் பேசாமல் இருக்கிற சனம் நாங்கள். உறவினர் என்றால் நமக்கு விருப்பமோ இல்லையோ போய் நிற்க வேண்டியவர்கள். பிழை செய்தால் படலைக்குப் போய், முகத்தைப் பார்த்து, பிழை என்று சொல்ல வேண்டியவர்கள். தண்ணீரையும் வாத்தையும் உறவினர் என்று நூறு பேர் முன்னால் அழைத்தாய். மார்லின் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அது உண்மையாகவே ஒரு கடமைதான். செடிக்கு முன்னால் குனிகிறாள், தட்டில் முதல் பங்கை வெளியே வைக்கிறாள், சுகப்பட்டால் வீட்டைக் காலி செய்கிறாள். நீ சொன்னாய், பிறகு குழாயைப் பிடித்துக் கழுவினாய். எல்லோரும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள் என்றால், எல்லோரும் ஊற்றட்டும். அவர்கள் பதாகை கட்டவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி நடத்தி இதைச் சரிக்கட்ட நினைக்காதே. மரக்கன்று நட்டு அதைப் படம் எடுத்துப் போடாதே. மார்லினுக்கு எதையாவது பரிசாகக் கொண்டு வந்தால் அவள் வாங்குவாளோ தெரியாது, நான் கதவைத் திறக்கமாட்டேன். நகரசபைக்கு நீயே தொலைபேசி எடு. உன் சொந்தப் பெயரைச் சொல். நான்தான் ஊற்றினேன், எங்கே, என்ன என்று சொல். அவர்கள் வந்து என்ன செய்யச் சொல்கிறார்களோ, எவ்வளவு தண்டம் கட்டச் சொல்கிறார்களோ, அதைச் செய். சமையல்காரரின் தலையில் போடாதே. அந்த மனிதர் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். நான் ஏன் எழுந்து போனேன் என்று நீ சொன்ன பொய்யை, யார் யாரிடம் சொன்னாயோ அவர்களிடம் போய்த் திருத்து. இந்தக் கடிதம் அந்த வேலையில் பாதியைச் செய்துவிட்டது. மீதி உன்னுடையது.

இவை நடந்தால் தைப்பொங்கலுக்கு நான் வருவேன், சந்தோஷமாக வருவேன். பின்வளவில் நானே பொங்குவேன். நடக்காவிட்டால் வரமாட்டேன். உன்மேல் பாசம் இல்லாமல் அல்ல. உன் கீழறையின் யன்னலைத் திறந்தால் அந்தக் குளம் தெரிகிறது. ஒவ்வொரு விடியலிலும் அதன் முகத்தில் முழிக்க வேண்டியவள் நான்.

தொலைபேசியில் கூப்பிடாதே. உன் குரல் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது உனக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் குரற்பதிவும் அனுப்பாதே. என்ன செய்தாய் அல்லது செய்யப்போவதில்லை என்பதை ஒரு தாளில், தமிழில், உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா